துணிக்கு அடியில் காத்திருந்த கேள்வி

நான் எழுதிய பிழைச்செய்திகளிலேயே சிறந்தது எது என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். அதை நான் கடைசியாகப் பார்த்தது திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு மீனவர் குப்பத்தில், பூப்போட்ட மேஜைத் துணி ஒன்றுக்கு அடியில்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், நல்ல பிழைச்செய்தி எழுதுவதற்கு வழிமுறைகள் எழுதித் தரச் சொன்னீர்கள். அதெல்லாம் நீங்களே எங்கேயாவது படித்திருப்பீர்கள். சுருக்கமாகச் சொல், பயமுறுத்தாதே, அடுத்து என்ன செய்யலாம் என்று காட்டு. சரிதான், அப்படியே செய்யுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எந்த வழிமுறையிலும் எழுதி வைக்கவில்லை என்பதால் அதை மட்டும் சொல்கிறேன். படித்துவிட்டு உங்களுக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும். எனக்கே அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

எங்கள் அலுவலகம் டோல்கேட் பக்கத்தில், ஒரு பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. டிரெய்லர் லாரிகளின் ஹாரன் சத்தத்தில் போன் பேச முடியாது. பேச வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பேச வைத்து, பள்ளிக்கூடம், மாதா கோயில், சங்கம், மைக் செட் கடை என்று யார் கேட்டாலும் அவர்கள் கணினியில் போட்டுக்கொடுத்துப் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். பாட்டும் படமும் ஓட்டுகிற ஒரு பிளேயர் அதில் உண்டு. நிரல் எழுதுவது மற்றவர்கள் வேலை. அந்தப் பிளேயர் தடுமாறி நிற்கும்போது அது என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுவது என் வேலை. ராயபுரத்துக்காரிக்கு வாய் ஜாஸ்தி, இவளே எழுதட்டும் என்று என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஆரம்பத்தில் நான் ஒன்றும் பெரிதாக எழுதிக் கிழிக்கவில்லை. பிளேயருக்குப் புரியாத ஃபார்மேட்டில் ஒரு ஃபைல் வந்தால் "அறியப்படாத கோப்பு வகை" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழில் இறக்கி வைத்திருந்தேன். காசிமேட்டில் மைக் செட் வைத்திருந்த பழனி என்பவர் ஒரு கல்யாண வீட்டில் நட்டநடுக் கூட்டத்தில் அதைப் பார்த்திருக்கிறார். யாரோ பேச்சைக் கேட்டு ஃபைல் பெயரின் வாலை வெட்டிவிட்டு எம்பி3 என்று மாற்றி வைத்திருக்கிறார். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா? பிளேயர் இந்த முறை "கோப்பு பழுதடைந்துள்ளது" என்றது. பழுதானதை எதற்கு வைத்துக்கொள்வது என்று அழித்துவிட்டார். மணப்பெண் உள்ளே வரும்போது போட வேண்டிய பாட்டு அது. பெண் வீட்டார் அவரை என்ன பாடுபடுத்தினார்களோ, மறுநாள் காலையில் எங்கள் மாடிப்படி அதிர வந்து நின்றார்.

"இன்னாம்மா, உன் பொட்டி தெரியாதுன்னு சொல்ட்டு கம்முனு கீது. தெரிலன்னா தெரிஞ்சவன் கைல கேட்டுகினு வரணும். நானா இருந்தா அப்டித்தான் செய்வேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாட்டை அழித்தது இவர், பேச்சு வாங்குவது நானா என்று நினைத்தேன். ஆனால் அவர் போன பிறகு அந்த வார்த்தை மனதில் உட்கார்ந்துகொண்டது. சில ஃபார்மேட்டுகளுக்கு உரிமச் சிக்கல் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவற்றைப் படிக்கத் தெரிந்த துணை மென்பொருளை நாங்கள் முன்கூட்டியே சேர்த்துத் தர முடியாது. பயன்படுத்துகிறவர் தானாகச் சம்மதித்து இறக்கிக்கொள்ள வேண்டும். சரி, அந்தச் சம்மதத்தையே மரியாதையாகக் கேட்டால் என்ன என்று தோன்றியது. எழுதி, கிழித்து, சண்டை போட்டு, கடைசியில் இப்படி வந்தது:

"உங்கள் கோப்பு நன்றாகவே இருக்கிறது. இந்த வகை ஒலியைப் படிக்கத் தேவையான துணை மென்பொருள் இந்தக் கணினியில் இல்லை. அதை இப்போது இறக்கிக்கொள்ளலாமா?"

கீழே "ஆம்", "இப்போது வேண்டாம்" என்று இரண்டு பொத்தான்கள். ஆம் என்று சொன்னால் பிளேயரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்துவிடும். அதை வெளியிட்ட அன்று பீச் ஸ்டேஷன் பக்கமிருந்து பர்மா நூடுல்ஸான அத்தோ வாங்கி வந்து ஆபீஸ் முழுக்கத் தின்றோம். பழனி ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் உன் பொட்டி மனுஷன் மாதிரி பேசுகிறது என்று போனில் சொன்னார். நான் அதை ரொம்ப நாளைக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பிளேயர்தான் நான் முதலில் சொன்ன குப்பத்தின் மீனவர் சங்கக் கட்டடத்துக்கும் போனது.

அங்கே கணினியின் வேலை ஒன்றே ஒன்று. கடல் நிலவரம் மோசமாகப் போகிறது என்றால், எச்சரிக்கை அனுப்புகிறவர்கள் மதியத்துக்கு மேல் ஒரு குரல் பதிவை அனுப்புவார்கள். அதைக் கணினியில் போட்டு வைத்தால் மாலை ஆறு மணிக்கு, மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்ததும், பிளேயர் தானாக எழுந்து கட்டடத்தின் மேலே இருக்கும் ஒலிபெருக்கியில் அதைச் சொல்லும். எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். போனில் வருவதில் பாதி புரளி என்று அவர்களுக்குத் தெரியும். ஒலிபெருக்கி சொன்னால்தான் நம்புவார்கள். கடல் நன்றாக இருக்கும் நாட்களில் பதிவே வராது. ஒலிபெருக்கியும் பேசாது. ஆறு மணிக்குச் சத்தம் இல்லையென்றால் கடல் சரியாக இருக்கிறது, விடிவதற்கு முன்னால் படகைத் தள்ளலாம் என்பது அங்கே வழக்கம். இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

கணினியைப் பார்த்துக்கொண்டவள் பிலோமினா. குப்பத்தில் பிலோமி. மீன் விற்கிறவள், புருஷன் இல்லை, சங்கக் கட்டடத்தின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். பதிவு அவள் போனுக்குத்தான் வரும். கேபிளை மாட்டி, ஃபைலை நாங்கள் காட்டிக்கொடுத்த இடத்தில் போட்டுவிட்டு, உப்புக்காற்று படாமல் இருக்கக் கணினித் திரையின்மேல் அந்தப் பூப்போட்ட துணியைப் போர்த்திவிட்டுப் பூட்டிக்கொண்டு போவாள். துணியைக் கஞ்சி போட்டு வெளுத்து வைத்திருப்பாள். ஒருமுறை நான் போனபோது, "யக்கா, இந்த சாவி எங்கைல இருக்கறதால ஆம்பிளைங்க எனக்கு வழி உட்டு நிக்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். ஊரில் அவளுக்கு இருந்த மரியாதை அந்தச் சாவிதான்.

அன்றைக்கு மாத்தூரில் அவள் மகளுக்கு வளைகாப்பு. பலகாரக் கூடையெல்லாம் ஆட்டோவில் ஏறிவிட்ட நேரத்தில் பதிவு வந்திருக்கிறது. ஆட்டோவை நிற்க வைத்துவிட்டு ஓடிப் போய், வழக்கம்போல ஃபைலைப் போட்டு, துணியைப் போர்த்தி, பூட்டிவிட்டு மாத்தூர் போய்விட்டாள். அனுப்புகிறவர்கள் குரல் பதிவு செய்யும் கருவியை அந்த வாரம் மாற்றியிருக்கிறார்கள். பதிவு வேறு ஃபார்மேட்டில் வந்திருந்தது. போனில் அது நன்றாகவே கேட்டது. எங்கள் பிளேயரால் படிக்க முடியவில்லை.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. ஒலிபெருக்கி பேசவில்லை. குப்பம் அதைக் கடல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது.

விடியற்காலையில் போன படகுகள் திரும்பி வரும்போது அலை ஆளுயரத்துக்கு மேல் எழும்பியிருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் கடல் அரிக்காமல் இருக்கக் கல் கொட்டியிருப்பார்கள். படகு உள்ளே வருவதற்கு நடுவில் ஒரு சந்து மட்டும் விட்டிருப்பார்கள். மற்றவர்கள் எப்படியோ நுழைந்துவிட்டார்கள். ஜோசப்பும் அவன் தம்பி சேவியரும் வந்த ஃபைபர் படகை அலை தூக்கிக் கல்லில் அடித்தது. ஜோசப் கையை உடைத்துக்கொண்டு கரையேறினான். சேவியரின் உடலைத்தான் எடுத்து வந்தார்கள்.

மறுநாள் காலையில் ஊர்த் தலைவர் எனக்கு போன் செய்தார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, பிலோமி போட்டேன் என்கிறாள், ஊர் அவள் போடவில்லை என்கிறது, மகள் வீட்டு விசேஷ அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று பேசுகிறார்கள் என்றார். பதிவு அவள் போனில் இருக்கிறது. அதுவே அவளுக்கு எதிராகப் போய்விட்டது, கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் போனாள் என்கிறார்கள் என்றார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"மிஷினா, அந்தம்மாவா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

நான் போனேன். சேவியரின் அடக்கம் இன்னும் ஆகவில்லை. சங்கக் கட்டடத்துக்கு எதிர்ச்சந்தில்தான் சாவு வீடு; பந்தல் போட்டிருந்தார்கள், உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிலோமி கட்டடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றி யாரும் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் சாவியைக் கொடுத்தாள். இவள் வந்துவிட்டாள், இனி உண்மை தெரிந்துவிடும் என்று ஒரு நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. அந்த முகம்தான் எனக்கு இப்போதும் நினைவில் வருகிறது.

உள்ளே போய்த் துணியைத் தூக்கினேன். திரையில் என் வாக்கியம் நின்றுகொண்டிருந்தது. "உங்கள் கோப்பு நன்றாகவே இருக்கிறது. இந்த வகை ஒலியைப் படிக்கத் தேவையான துணை மென்பொருள் இந்தக் கணினியில் இல்லை. அதை இப்போது இறக்கிக்கொள்ளலாமா?" முந்தாநாள் மாலை ஆறு மணிக்குக் கேட்ட கேள்வியை, ஒரு ஆள் செத்த பிறகும், அதே மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தத் திரையை அப்படியே விட்டுவிட்டு, வெளியே போய்த் தலைவரையும் நாலு பெரியவர்களையும் கூப்பிட்டு, இதோ பாருங்கள், இந்தம்மா போட்டிருக்கிறாள், பொட்டிக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று காட்டியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் அதைப் படித்துப் புரிந்துகொண்டிருப்பார்கள். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன் நான்.

நான் "ஆம்" என்று அமுக்கினேன். பழக்க தோஷம். திரையில் ஒரு பிழைச்செய்தி நின்றால் என் கை அதைச் சரிசெய்யத்தான் போகும். கேள்வி மறைந்தது. துணை மென்பொருள் இறங்கியது. ஒலிபெருக்கி அணைக்கப்படாமல் இருந்ததை நான் பார்க்கவில்லை. பிளேயர் தான் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது.

"மீனவ நண்பர்களுக்கு எச்சரிக்கை. நாளை காலை முதல் அலையின் உயரம் அதிகமாக இருக்கும். ஃபைபர் படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம்."

குப்பம் முழுக்கக் கேட்டது. சாவு வீட்டில் ஜெபம் நின்றுபோனது. நான் ஒலிபெருக்கியின் பொத்தானைத் தேடிப் பிடித்து அணைப்பதற்குள் அது மறுபடியும் ஒருமுறை சொல்லி முடித்துவிட்டது. பிறகு பெண்கள் ஓலமிட்டு அழும் சத்தம் கேட்டது. அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கட்டடத்துக்குள் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். கையில் கட்டோடு ஜோசப் முன்னால் வந்து நின்றான். அவன் கத்தவில்லை. "இப்போ இந்தம்மா வந்து போட்டதும் பாடுதே. நல்லாத்தானே பாடுது. அப்போ முந்தாநேத்து இவ போடவேயில்ல" என்றான்.

பிலோமி வாசல் பக்கமிருந்து, "நான் போட்டேன் ஜோசப்பு. மாதா மேல ஆணையா போட்டேன்" என்றாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர், நீங்க சொல்லுங்கம்மா என்றார்.

அப்போது என் தலைக்குள் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தச் சமயத்தில்தான் வேறொரு கம்பெனி ஆட்கள் கடற்கரைக் குப்பங்கள் முழுக்கச் சுற்றி, இலவசப் பொட்டியை நம்பி உயிரை விடாதீர்கள், எங்களுடையதை வாங்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிளேயரால் ஓர் ஆள் செத்தான் என்று இங்கே நான் சொன்னால், சாயங்காலத்துக்குள் எல்லாக் குப்பத்திலிருந்தும் எங்கள் மென்பொருளைத் தூக்கி எறிவார்கள். அத்தனை வருஷ உழைப்பு, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கட்டும் என்று சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு எழுதிய பிள்ளைகள், எல்லாம் கண்ணில் வந்து நின்றது. பிலோமி கண்ணில் வரவில்லை. பொய் சொல்லிவிடக் கூடாது, மென்பொருளையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கணக்காக யோசித்து, நிதானமாகச் சொன்னேன்.

"கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. முந்தாநாள் போட்ட ஃபைல், கணினி ஏற்கிற ஃபார்மேட்டில் இல்லை."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நீங்களே சோதித்துப் பாருங்கள், தொழில்நுட்பப்படி எல்லாம் சரி. அங்கே நின்றவர்கள் அதை எப்படிக் கேட்டுக்கொண்டார்கள் தெரியுமா? மிஷின் சரியாக இருக்கிறது, பிலோமி தப்பான ஃபைலைப் போட்டுவிட்டாள். வேறு எப்படிக் கேட்டுக்கொள்வார்கள்? பின்னால் நின்ற ஒரு பெண், "மவ வூட்டு நெனப்புல எதையோ போட்டுட்டு போயிருக்கா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. இல்லை, அவர் சரியானதைத்தான் போட்டார் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். தலைவர் பெருமூச்சு விட்டுவிட்டு, சரி, எல்லாரும் போங்க, அடக்கத்துக்கு நேரமாகுது என்று சொல்லிவிட்டார். கூட்டம் கலைந்தது. நான் வாயை மூடிக்கொண்டு கேபிளைச் சுருட்டினேன்.

வெளியே வரும்போது சாவியைப் பிலோமியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தலைவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவள் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னது அவளுக்கே சரியாகப் புரியவில்லை. தான் என்னவோ தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று அவளே நினைக்க ஆரம்பித்திருந்தாள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கரையில் படகு வந்ததும் மீனை ஏலம் விடும்போது இவள் கேட்டால் காதில் விழாத மாதிரி இருந்திருக்கிறார்கள். கோயிலில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகவே இருந்ததாம். சில மாதங்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாத்தூருக்கு மகள் வீட்டுக்கே போய்விட்டாள்.

நான் ஆபீசுக்குத் திரும்பி, நடந்ததில் பாதியைச் சொன்னேன். ஒலிபெருக்கியில் மட்டும் பேசுகிற கணினிக்குத் திரையில் பிழைச்செய்தி எழுதி என்ன பயன் என்று கேட்டு எல்லோரையும் உட்கார வைத்தேன். இம்முறை எழுதுவதற்கு முன்னால் குப்பங்களுக்குப் போனேன். சத்தம் இல்லையென்றால் கடல் சரி என்கிற வழக்கத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பிளேயரால் ஒரு பதிவைப் படிக்க முடியவில்லையென்றால், அது வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று மாற்றினோம். என் குரலிலேயே பதிவு செய்தேன். "கடல் செய்தி ஒன்று வந்திருக்கிறது. அதைப் படிக்க என்னால் முடியவில்லை. செய்தி என்னவென்று தெரியும்வரை படகு எடுக்க வேண்டாம். சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள்."

"என்னால் முடியவில்லை" என்று ஒரு மென்பொருள் சொல்லலாமா, நம்பிக்கை போய்விடாதா என்று ஆபீசில் ஒருவர் கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்று கத்தினேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஒரு பிழைச்செய்தியைப் படித்து முடித்ததும் ஜனங்கள் அடுத்து யாரைத் திட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்று அவர்களிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். தான் முடியாமல் நின்றதைப் பொட்டி ஒப்புக்கொள்ளாவிட்டால், பழி பக்கத்தில் நிற்கிற ஆள்மேல்தான் விழும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் செய்திக்கு வேலை வந்தது. அதே குப்பத்தில், மறுபடியும் படிக்க முடியாத ஒரு பதிவு. மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டிருக்கிறது. ஆட்கள் ஓடிப்போய்த் துணியைத் தூக்கிப் பார்த்து, ஆம் என்று அமுக்கி, எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு, மறுநாள் ஒரு படகையும் எடுக்கவில்லை. தலைவர் போன் செய்து, நல்ல மிஷினும்மா என்று பாராட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கி, அப்போ அன்னைக்கும் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்று கேட்டார். ஆமாம் என்றேன். பழசை இன்னாத்துக்குக் கிளறணும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் மாத்தூருக்குப் போனேன். பிலோமி ஒரு பால் பூத் ஓரத்தில், கூடையில் சங்கராவும் நெத்திலியும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். முடி நிறைய நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, வா யக்கா, எப்டி கீற என்று கேட்டு, உட்காரப் பலகையை நகர்த்திப் போட்டாள். அன்றைக்கு அவள் போட்டது சரியான பதிவுதான், எங்கள் பிளேயருக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று சொன்னேன். இப்போது பிளேயர் என்ன சொல்கிறது என்பதையும் சொன்னேன். மீனின் செதிலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னால முடிலன்னு அதுவே சொல்லுதா?" என்று கேட்டாள்.

"ஆமா பிலோமி. அது வாயாலேயே சொல்லுது."

"மிஷினுக்கு சொல்லக் குடுத்துட்ட. நீ எப்போ யக்கா சொல்லப் போற?"

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஒரு பெண் வந்து நெத்திலி கேட்டாள். பிலோமி அவளுக்கு அள்ளிப் போடத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குப்பத்துக்குப் போனேன். தலைவரிடம் சாவியைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டார். கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் மைக்கைக் கையில் எடுத்தேன். பிழைச்செய்தி எழுதியே காலத்தை ஓட்டியவள் நான். அன்று எனக்கு வந்தது நாலு வரிதான். "சேவியர் போனதற்கு முதல் நாளே எச்சரிக்கை வந்தது. பிலோமினா அதை ஒழுங்காகத்தான் போட்டார். எங்கள் பிளேயரால் அதைப் படிக்க முடியவில்லை. அது தெரிந்தும் உங்கள் முன்னால் நான் சொல்லவில்லை." மறுபடியும் ஒருமுறை சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

கல் கொட்டிய கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஜோசப்பும் இருந்தான். அவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். வாசல்களில் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, யாரும் வையவில்லை. அந்தக் குப்பத்தில் சத்தம் இல்லையென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.